வெயிலில் வத்தல் போட்ட கார்கள்

கார் ரிப்பேர் தொழிலில் கண்ணுக்கு வேலை குறைவு, மூக்குக்குக் கொஞ்சம் உண்டு, காதுக்குத்தான் ஓவர்டைம்.

மே மாத மத்தியானத்தில் கார் கதவைத் திறந்து, அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி அனல் முகத்தில் அடிக்க, சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டுவிட்டு ‘ஸ்ஸ்’ என்று விரலை உதறியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அப்படி உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் கேட்டிருக்கிறீர்களா? பெட்ரோல் டேங்குக்குள் முங்கிக் கிடந்தபடியே பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளிவிடும் ஃபியூயல் பம்ப் அது. சாவி போட்டதும் இரண்டு விநாடி முனகிவிட்டு அடங்கினால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஓடும்போதெல்லாம் வண்டு மாதிரி இரைந்தால், அடுத்த சிக்னலுக்குள் நீங்கள் இறங்கித் தள்ள வேண்டி வரலாம். எங்கள் தாத்தா சொல்லும் கதைகளில் பேய் ராத்திரியில் வரவே வராது. உச்சி வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில்தான் வரும். இந்தச் சத்தமும் அந்த ரகம்.

நான் வேலை பார்த்தது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ஷெட்டில். முதலாளி செல்வி அக்கா. வேறொரு பெரிய சர்வீஸ் சென்டரில் பத்து வருஷம் கஸ்டமர்களிடம் திட்டு வாங்கிவிட்டு, இனி சொந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஷெட் போட்டவர். எலக்ட்ரிக்கல் வேலைக்கு பாஷா பாய். நான் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து ஒரு வருஷம் வாட்டர் வாஷில் நின்றேன். எந்நேரமும் ஈரத்தில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். சத்தம் பார்க்கிற ஆள் துபாய்க்குப் போய்விட, அந்த இடத்தைக் கேட்டு நின்றேன். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. செல்வி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த ஒரு கோடை டைம் தரேன். பம்ப் சத்தம்னு வர்ற வண்டி எல்லாம் உன்னோடது. நீ பாத்து அனுப்புன வண்டில மூணு, அதே கம்ப்ளெயின்ட்டோட திரும்பி வந்துச்சுன்னா, மறுபடியும் ஹோஸ் பைப்பை எடுத்துக்கோ.”

காலை எட்டரை மணி

முதல் வண்டி மயிலாப்பூர்க்காரர் ஒருவருடையது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் ஈரம் காயாத விபூதி, கையில் சத்தம் எப்போதெல்லாம் வந்தது என்று எழுதிய துண்டுக் காகிதம். காலை எட்டரை மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பின் சீட்டில் குப்புறப் படுத்து, காதை வைத்துக் கேட்டேன். தொட்டில் குழந்தை மூச்சு விடுகிற மாதிரி சீராக இருந்தது. மந்தைவெளி வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. “ஒண்ணும் இல்லை சார்” என்றேன். அவர் தன் காகிதத்தைக் காட்டினார். எல்லாமே ஒரு மணி, இரண்டு மணி என்றுதான் இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

மத்தியானம் ஒன்றரைக்கு லஸ் கார்னரில் இருந்து போன் வந்தது. நானும் பாஷா பாயும் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தோம். பம்ப் சுத்தமாக மண்டையைப் போட்டிருந்தது. என் கணக்கில் ஒன்று. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “காத்தால பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னே. இப்போ வாஸ்தவமாவே ஒண்ணும் இல்லை. சத்தமும் இல்லை, வண்டியும் இல்லை.”

வத்தல் போடுவது

அன்று சாயங்காலம் யோசித்தேன். பேயைப் பார்க்க வேண்டுமென்றால் பேய் வருகிற நேரத்துக்கு அல்லவா போக வேண்டும்? மறுநாளில் இருந்து பம்ப் சத்தம் என்று வந்த எந்த வண்டியையும் காலையில் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஷெட்டுக்கு எதிரே ஒரு நீண்ட காம்பவுண்டுச் சுவர், மரம் மட்டை எதுவும் கிடையாது. பதினொன்றரை மணிக்கு வண்டிகளை அங்கே வரிசையாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். இரண்டரை மணிக்கு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஓட ஓட, பின் சீட்டைக் கழற்றிக் காதை வைப்பேன். முனகுகிற பம்ப் எல்லாம் அப்போது வாய் திறந்து அழும்.

பாஷா பாய்தான் அதற்கு வத்தல் என்று பெயர் வைத்தார். “நைனா, இன்னிக்கு எத்தினி வத்தல்?” என்று கேட்டபடிதான் காலையில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவார். செல்வி அக்காகூடப் பலகையில் வண்டி நம்பருக்கு எதிரே ‘வ’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் விஷயம் தெரியாத கஸ்டமர்கள் என்ன செய்வார்கள், பாவம். அடையாறில் இருந்து வரும் ஐ.டி. கம்பெனி மேடம் ஒருவர், மூன்று மணிக்கு வண்டியை எடுக்க வந்து கதவைத் திறந்தார். ஒரு அடி பின்னால் போனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எங்க அப்பார்ட்மென்ட்ல நிழல்ல பார்க்கிங் கிடைக்க மூணு வருஷம் சண்டை போட்டேன் தம்பி. நீங்க ஒரே நாள்ல இட்லிப் பானை ஆக்கிட்டீங்களே!”

பானெட் மேல் மோர்மிளகாய்

அந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு சின்ன வீடு. அதில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அம்மா ஒருவர். எங்கள் ஏற்பாட்டை இரண்டு நாள் வாசலில் நின்று கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு வெள்ளை செடான். அதன் சொந்தக்காரர் ஆழ்வார்பேட்டையில் வக்கீல். வாரத்தில் மூன்று முறை மெழுகு போட்டுத் துடைக்கிற மனிதர். இரண்டே காலுக்கே வந்துவிட்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனால், பானெட் மேல் ஒரு பழைய வேட்டி விரித்து, அதன்மேல் மோர்மிளகாய் பரப்பிக் கிடக்கிறது. காக்காய்க்குப் பயந்து அந்த அம்மா வைப்பரில் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டி வேறு விட்டிருந்தார்.

வக்கீல் சார் வேட்டியின் ஒரு முனையைத் தூக்கி, கீழே மெழுகு இருக்கிறதா என்று பார்த்தார். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: “இன்னா அப்டி பாக்குற? சும்மா காஞ்சிக்கினுதானே கீது? கூடச் சேந்து இதுவும் காயட்டும்.”

பின் சீட்டுக்கு அடியில்

பம்பைப் பார்க்க வேண்டுமென்றால் பின் சீட்டைத் தூக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு தகட்டு மூடி, அதற்குக் கீழேதான் டேங்கின் தலை. சீட்டைத் தூக்கும்போது அந்தக் குடும்பத்தின் ஏழெட்டு வருஷ வாழ்க்கை வெளியே வரும். வேர்க்கடலைத் தோல், கோயில் குங்குமப் பொட்டலம், ஒற்றைச் சாக்ஸ், பாண்டி பஜாரில் வாங்கின கிளிப், காய்ந்து கறுத்துப்போன மல்லிகைச் சரம். சூடேறிய ரெக்சினோடு அந்த மல்லிகை வாசம் கலந்து வரும் பாருங்கள், இப்போதும் எங்காவது அந்த வாசம் அடித்தால் எனக்கு முழங்கையில் சீட்டுக் கம்பி குத்துகிற மாதிரியே இருக்கும்.

தி.நகரில் இருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான் சீட்டைத் தூக்கியதும் எட்டாக மடித்த அட்டை ஒன்று கீழே விழுந்தது. அந்த அம்மா எடுத்துப் பிரித்தார். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு. கணக்கில் பதினெட்டு மார்க். பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் காலி. ‘ஸ்கூல்லயே தொலைச்சுட்டாங்கம்மா’ என்று அன்றைக்கு இந்தப் பையன் அழுததையும், அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய் கிளாஸ் மிஸ்ஸிடம் சண்டை போட்டதையும் அங்கேயே, பாஷா பாய் முன்னாலேயே சொல்லி முடித்தார். முடித்துவிட்டுப் பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டு மகனிடம் நீட்டினார். அவன் அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தான்: “அண்ணா, நீங்க பம்பை மட்டும் பாத்திருக்கலாம்ல?”

மஞ்சள் விளக்கு

கோடையில் பம்ப் இரைவதற்குப் பாதிக் காரணம் பம்ப்பே இல்லை. டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்புக்குக் குளிர்ச்சி. பெட்ரோல் அடிமட்டத்துக்குப் போய்விட்டால், சூட்டில் அது காற்றையும் ஆவியையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு கத்தும். வண்டியை எடுத்தாலே, பெட்ரோல் தீரப்போகிறது என்று எரியும் மஞ்சள் விளக்கோடு ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும். நீங்களும் ஒருவராக இருக்கலாம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். வண்டி வாங்கின நாளில் இருந்து அந்த மஞ்சள் விளக்கு அணைந்ததே இல்லை. விளக்கு எரிந்தால்தான் மீட்டர் வேலை செய்கிறது என்று நினைத்திருக்கிறார். பாதி டேங்க் போட்டு ஓட்டிக் காட்டினேன். சத்தம் போய்விட்டது. “பம்ப் பெட்ரோல்ல முங்கி இருக்கணும் அண்ணாச்சி” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது கேட்டது. நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “ஏ தம்பி, இந்த வெயிலுக்கு நானே ரெண்டு வாளித் தண்ணில குளிச்சிட்டு கடைக்கு ஓடுதேன். அதுக்கு முங்குக் குளியலா கேக்கு?”

ஐந்து விநாடி வேலை

இப்படி வத்தலும் வெற்றியுமாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு மேடத்தின் கார் வந்தது. காயப்போட்டேன், ஓட்டினேன், கேட்டேன். சந்தேகமே இல்லாத இரைச்சல். டேங்கில் பெட்ரோலும் நிறைய இருந்தது. பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, புதுசு மாட்டி அனுப்பினேன். இரண்டாம் நாள் மத்தியானம் அந்த வண்டி சந்துக்குள் திரும்பும்போதே அதே இரைச்சல் எனக்குக் கேட்டது. என் கணக்கில் இரண்டு.

செல்வி அக்கா இன்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. நேராகப் போய் பெட்ரோல் மூடியைத் திருகினார். ‘புஸ்ஸ்’ என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. இரைச்சல் பட்டென்று நின்றுவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக ஒரு வழி உண்டு. அதில் தூசி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. காற்று போகாத டேங்கிலிருந்து எந்தப் பம்ப் இழுத்தாலும் கத்தத்தான் செய்யும். அவர் அந்த மேடத்திடம் மன்னிப்புக் கேட்டு, அடைப்பை எடுத்து, பழைய பம்பையே திரும்ப மாட்டித் தரச் சொன்னார். மேடம் போனதும் என் பக்கம் திரும்பினார்: “மூடியத் தொறந்து பாக்க அஞ்சு செகண்டு. அதுக்கு வண்டியோட கொடலையே உருவிட்டியேடா.”

ஏழுமலை அண்ணன் வண்டி

அந்த வாரமே ஏழுமலை அண்ணன் வந்தார். சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து ஓட்டுகிறவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவருக்கு நிரந்தரமாக ஒரு சவாரி. தெற்கு மாட வீதியில் இருந்து கோமதி மாமியை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போக வேண்டும். மத்தியானம் ஒன்றரைக்கு மாமிக்கு மிஷின். தாமதமானால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள், மாமி சாயங்காலம் வரை கால் வீங்க உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வாரமாக வண்டி போகிற வழியில் இரைகிறது, இரண்டு தடவை மூச்சுத் திணறி நின்று கிளம்பியிருக்கிறது என்றார்.

அன்று வியாழக்கிழமை. காலை பத்து மணி. பெட்ரோல் இருந்தது. மூடியை முதலில் திறந்து பார்த்தேன், புஸ்ஸும் இல்லை. ஓட்டினால் சத்தமும் இல்லை. காயப்போட வேண்டும். ஆனால் அவர் பன்னிரண்டரைக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்று அனுப்பி, வழியில் நின்றால் மாமிக்கு ஆபத்து, எனக்கு மூன்றாவது வண்டி. ‘பம்ப் போச்சு’ என்று சொல்லி, அது இல்லை என்று ஆனாலும் மூன்றாவது வண்டி. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு வேறு கார் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் செல்வி அக்கா. மாமியால் உயரமான வண்டியில் ஏற முடியாது, இந்த வண்டிக்குத்தான் பழக்கம் என்றார் ஏழுமலை அண்ணன். கடைசியில் நான், எனக்கே கேட்காத குரலில், “நானும் கூட வரேன்” என்றேன். அவர் முன் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: “வா நைனா. ஆனா ஏசி சுமாராத்தான் வரும், அதையும் பாருன்னு சொல்லமாட்டேன்.”

பாலத்தின் மேல்

கோமதி மாமி ஒல்லியாக, கையில் ஒரு துணிப்பையும் குடையுமாக ஏறினார். சரியாகப் பம்புக்கு நேர் மேலே உட்கார்ந்தார். நான் யார் என்று தெரிந்ததும், “சத்தம் பாக்க வந்தவனா? நான் சொல்றேன் கேளு” என்றார். “முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஹெட்போன் மாட்டிண்டு உக்காந்தவ நான். இந்தச் சத்தம் முதல்ல சாதாரணமாத்தான் இருக்கு. திணறப் போறச்சே ஏறலை, தாழறது. அந்தக் காலத்துல வெளியூர் டிரங்க் கால் கட்டாகறதுக்கு முன்னாடி இப்படித்தான் தாழும்.” எனக்குச் சட்டென்று உறைத்தது. பெட்ரோல் கிடைக்காமல் கஷ்டப்படுகிற பம்பின் சத்தம் ஏறும். கரண்ட் சரியாகக் கிடைக்காத பம்பின் சத்தம்தான் இறங்கும்.

கிரீன்வேஸ் சாலையைத் தாண்டி அடையாறு பாலத்தில் ஏறினோம். “இதோ, தாழறது” என்றார் மாமி. சொல்லி வாய் மூடவில்லை, வண்டி நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. ஒன்றேகால் மணி. கீழே ஆறு பளபளவென்று கண்ணைக் குத்தியது. ஒரு பொட்டு நிழல் கிடையாது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. மாமியை இறக்கிக் குடையோடு நிற்க வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கினேன். டேங்கின் மேல் மூடி ஒழுங்காக இருந்தது. அதில் சொருகியிருந்த, பம்புக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயர் கப்ளர்தான் தீய்ந்த அப்பளம் மாதிரி பழுப்பாகி, சூட்டில் இளகிப் போயிருந்தது. கையால் அழுத்தினேன். ‘ங்ங்ங்’ என்றது பம்ப். விட்டேன். நின்றது.

கட்டுவதற்கு நேரம் இல்லை. மாமியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டோம். நான் பின்னால், சீட் இல்லாத தகட்டில் குந்தி, அழுக்குத் துணியைச் சுற்றி அந்தக் கப்ளரை அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரை போனேன். விரல் சுட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கூரையில் இடித்தது. மாமி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். ஏழுமலை அண்ணன் மட்டும் ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் கத்திக்கொண்டே வந்தார்: “கைய எடுத்துடாத நைனா! பெட்ரோல் இன்னா, பம்ப் இன்னா, இப்போ வண்டியே உன் கையிலதான் கீது!”

நாலு மணி நேரம்

ஒன்று முப்பத்தைந்து. மிஷின் இன்னும் மாமிக்காகக் காத்திருந்தது. அவர் உள்ளே போனார், வெளியே வர நாலு மணி நேரம் ஆகும். பாஷா பாய்க்குப் போன் செய்தேன். புதுக் கப்ளரும் ஒயரும் வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு பாட்டில் மோரும் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வெயிலிலேயே வண்டியைப் பிரித்தோம். பம்ப் நல்லதா என்று பார்க்க, பாய் பாட்டரியில் இருந்து நேராக ஒயர் இழுத்துப் பம்புக்குக் கொடுத்தார். பம்ப் கொஞ்சம்கூடத் தாழாமல், ஒரே சீராகப் பாடியது.

“எதுக்கும் பம்பையும் ஒரேடியா மாத்திடு தம்பி” என்றார் ஏழுமலை அண்ணன். உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. கப்ளர், பம்ப் இரண்டையும் மாற்றிவிட்டால் அந்த வண்டி எதற்காகவும் திரும்பி வராது. என் இடமும் எங்கும் போகாது. யாரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். அந்தக் கல்லூரி மேடத்தின் கார் நினைவுக்கு வந்தது. “பம்ப் நல்லா இருக்கு” என்றேன். “இன்னா?” என்றார். “நல்லா இருக்குண்ணா! மாத்த வேணாம்!” வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது. கப்ளரை மாட்டிக்கொண்டிருந்த பாஷா பாய் நிமிர்ந்தார்: “பம்ப் போச்சுன்னு கத்துற மெக்கானிக்க நெறைய பாத்துக்கீறேன். நல்லா கீதுன்னு இப்டிக் கத்துறவன இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

லைன்

சாயங்காலம் மாமி வெளியே வந்தார். முகம் வெளுத்து, கையில் கட்டோடு. நாங்கள் அதுவரை வண்டியை அங்கேயே வத்தல் போட்டு, இரண்டு தடவை ஓட்டியும் பார்த்திருந்தோம். மாமி பின் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பாலத்தின் மேல் ஏறும்போது மட்டும் ஒரு விரலைத் தூக்கினார். ஏழுமலை அண்ணன் ஏசியை அணைத்தார். பாலம் முடிந்தது. விரல் இறங்கியது.

தெற்கு மாட வீதியில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். வாசல்படியில் ஒரு கால் வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். சுட்டுச் சிவந்த என் விரல்களைப் பார்த்தார். நான் ஏதோ நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தேன். “லைன் கிளியர்” என்றார் மாமி. “ஆனா சனிக்கிழமை போயிட்டு ஆத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் உன்னை நான் நம்பறதா இல்லை.”

மூன்றா, இரண்டா

சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சந்து முனையில் எந்தக் கார் திரும்பினாலும் எழுந்து நின்றேன். மூன்று மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று, ஏழுமலை அண்ணன் வண்டி வரவில்லை. செவ்வாய் வரவில்லை. வியாழன் வரவில்லை. அப்படியே அக்னி நட்சத்திரமும் முடிந்து, ஒரு சாயங்காலம் ஊருக்கே முதல் மழை தூறியபோது செல்வி அக்கா பலகையைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கணக்கு பாத்துடலாம். பேங்க் சார் வண்டி ஒண்ணு. காலேஜ் மேடம் ரெண்டு. ஏழுமலை வண்டிய நீ காலைல பாத்த, பாத்துட்டு அனுப்பின, மத்தியானம் பாலத்துல நின்னுச்சு. அப்ப மூணு தானே?” ஹோஸ் பைப் இருந்த மூலையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

பாஷா பாய்தான் ஸ்க்ரூ டிரைவரால் மேஜையைத் தட்டினார். “இன்னாக்கா நியாயம் இது? திரும்பி வந்தாத்தானேன்னு சொன்ன? அந்த வண்டி எங்க திரும்பி வந்துச்சு? இவன்ல வண்டி கூடவே போனான்?” செல்வி அக்கா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் மறுபடியும் பம்ப் என்றும், எதிரே என் பெயரையும் எழுதிவிட்டுச் சொன்னார்: “சரி, ரெண்டுன்னே வச்சுக்கறேன். ஆனா இனிமே எல்லா வண்டிலயும் பின்னாடி குந்திக்கினே வீடு வரைக்கும் போயிட்டு வருவியா நீ?”

அதற்குப் பிறகும் இரண்டு கோடை அந்த ஷெட்டில் இருந்தேன். அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பதவி என்னவென்று இன்றைக்கு யாராவது கேட்டால், ஊரே நிழல் தேடி ஓடுகிற நேரத்தில் கொதிக்கிற காருக்குள் குப்புறப் படுத்துக்கொள்ளும் உரிமை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.